வாய் ஒன்று, பேச்சு வேறு

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு, கச்சேரிக்கு, புதிதாகத் திறந்த ஓட்டலின் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். கம்ப்யூட்டரின் முதுகுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. இத்தனைக்கும் அங்கேதான் அறுபது வருஷத்து இன்ஜினீயர்களின் புத்திசாலித்தனம், பிடிவாதம், சமரசம் எல்லாம் வரிசையாக ஓட்டைகளாகக் காட்சி தருகின்றன. இந்த வாரம் ஓர் ஓட்டையையும், அதற்குப் பதிலாக வந்த ஓர் ஒயரையும் விமர்சிக்கலாம் என்றிருக்கிறேன். ஓட்டையின் பெயர் சீரியல் போர்ட். ஒயரின் பெயர் யுஎஸ்பி டு சீரியல் அடாப்டர்.

'அதெல்லாம் செத்துப்போன சமாச்சாரமாச்சே சார்!' என்பீர்கள். லேப்டாப்பில் செத்துவிட்டது, வாஸ்தவம். எலெக்ட்ரானிக் தராசின் பின்பக்கம் பாருங்கள். லேத் பட்டறையில் இருக்கும் பழைய சிஎன்சி மெஷினைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்து மீட்டர், ஆபீஸ் மூலையில் விளக்கு மினுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்... இவை பலவற்றில் இன்றைக்கும் சீரியல்தான். கம்ப்யூட்டரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவோம். பல லட்சம் போட்டு வாங்கி, கிரேன் வைத்து இறக்கிய மெஷினை அப்படி மாற்ற முடியாது. கம்ப்யூட்டர் பேச மறுத்தால், நன்றாக ஓடுகிற மெஷின் காயலான் கடைக்குப் போகிறது. பிரச்னை அங்கேதான்.

*

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒயர் மூட்டையில் கிடக்கிற எதை எடுத்தாலும் மூன்று கேள்வி போதும். எத்தனை பின்? எத்தனை வரிசை? ஆணா, பெண்ணா? (பின் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், துளையாக இருந்தால் பெண். மின்சாரக்காரர்களின் இலக்கணம் இது. என்னைத் திட்டாதீர்கள்.)

கம்ப்யூட்டர் பக்கம் ஒன்பது பின், இரண்டு வரிசை, ஆண் என்றால் சீரியல். அதே ஒன்பது, பெண் என்றால், எண்பதுகளின் கம்ப்யூட்டரில் அது மானிட்டருக்கான வாய். 1977-ல் வந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டியிலும் ஒன்பது பின்தான். அது ஜாய்ஸ்டிக்குக்கு.

இருபத்தைந்து, பெண் என்றால் பிரின்டருக்கான பேரலல் போர்ட். இருபத்தைந்து, ஆண் என்றால் பழைய தலைமுறை சீரியல். பழைய மேக்கின்டாஷின் முதுகிலும் இருபத்தைந்து துளை இருக்கும். அது ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற ஸ்கஸி. அதில் பிரின்டர் ஒயரைச் செருகினால் அழகாகப் பொருந்தும். வேலை செய்யாது. ஏதாவது போய்விட்டாலும் போய்விடும்.

பதினைந்து துளை, இரண்டு வரிசை என்றால் ஜாய்ஸ்டிக். பதினைந்து, மூன்று வரிசை என்றால் விஜிஏ மானிட்டர். உருண்டையாக, பெரிசாக, ஐந்து பின் என்றால் ஆதிகாலக் கீபோர்டு. சின்ன உருண்டையில் ஆறு பின் என்றால் 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2. கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்ற வர்ணமெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில் மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து சொன்ன யோசனை. அதற்கு முன் எல்லாமே ஒரே கறுப்பு. தடவிப் பார்த்து, தலைகீழாகச் செருகி, பின்னை வளைத்த தலைமுறை ஒன்று உண்டு.

கடையில் 'டிபி நைன்' என்று கேட்கிறோமே, அந்தப் பெயரே தப்பு. கேனன் கம்பெனி 1952-ல் இந்த டி வடிவக் கனெக்டரைக் கொண்டுவந்தபோது இரண்டாவது எழுத்து கூட்டின் அளவைக் குறித்தது. பி என்றால் இருபத்தைந்து பின் அளவு, இ என்றால் ஒன்பது பின் அளவு. ஆகவே சரியான பெயர் டிஇ-9. ரிச்சி தெருவில் போய் அப்படிக் கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் வர்றதில்ல சார்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார்கள்.

*

இப்போது சீரியல் போர்ட்டின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பாராட்டு பின்னால் வருகிறது.

இதன் முழுப்பெயர் ஆர்எஸ்-232. பிறந்த வருஷம் 1960, அமெரிக்கா. ஆர்எஸ் என்றால் 'ரெக்கமெண்டட் ஸ்டாண்டர்ட்', அதாவது பரிந்துரை. பரிந்துரையை நம்மவர்கள் மட்டுமல்ல, யாருமே முழுசாகக் கேட்பதில்லை. டெலிபிரின்டரையும் மோடத்தையும் இணைக்க எழுதப்பட்ட விதி இது. உலகத்தில் இரண்டே வகை சாதனம்தான் என்று நினைத்தார்கள். ஒன்று பேசுகிற ஆசாமி, இன்னொன்று பேச்சைச் சுமக்கிற தபால்காரர். பிற்பாடு கம்ப்யூட்டரும் பிரின்டரும் தராசும் வந்தன. இதில் யார் ஆசாமி, யார் தபால்காரர்? ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. இரண்டு ஆசாமிகளை நேராக இணைத்தால் இருவரும் ஒரே ஒயரில் பேசுவார்கள், இன்னொரு ஒயரில் இருவரும் காது வைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்காக உள்ளே ஒயர் குறுக்காகப் போகிற 'நல் மோடம்' கேபிள் என்று ஒன்று முளைத்தது. வெளியே பார்த்தால் இரண்டு கேபிளும் இரட்டைப் பிள்ளைகள்.

போதாக்குறைக்கு 1984-ல் ஐபிஎம் தன் ஏடி கம்ப்யூட்டரில் இருபத்தைந்தை ஒன்பதாகச் சுருக்கியபோது இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிவிட்டது. இருபத்தைந்து பின் கம்ப்யூட்டரில் 2 பேசும், 3 கேட்கும். ஒன்பது பின்னில் 3 பேசும், 2 கேட்கும். இந்த ஒரு விஷயத்தால் உலகம் பூராவும் வீணான சாயங்காலங்களைக் கூட்டினால் ஒரு யுகம் தேறும்.

வோல்டேஜ் இன்னும் விசித்திரம். ஒன்று என்ற பிட்டுக்கு மைனஸ், பூஜ்யத்துக்கு ப்ளஸ். கேட்கிற பக்கம் 3 வோல்ட்டிலிருந்து 15 வரை எது வந்தாலும் புரிந்துகொள்ள வேண்டும். இதில் மின்சாரம் கொடுக்கவென்று தனி பின் கிடையாது. சீரியல் மவுஸ் பாவம், சைகைக்காக வைத்த பின்களிலிருந்து துளித்துளியாக உறிஞ்சிப் பிழைத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதன் மேல் எனக்கு ஏன் மரியாதை? ஒரே காரணம், இது எதையும் மறைக்காது.

நடைமுறையில் பாருங்கள். கையில் ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர், மேனுவல் இல்லை, தராசு கம்பெனியே இல்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 5-ஆம் பின்னில் தொடுங்கள். ஒன்பது பின்னில் பொதுவாக அதுதான் கிரவுண்ட். கம்ப்யூட்டரில் டெர்மினல் புரோகிராம் திறந்திருக்கட்டும். சிவப்பு முனையை 2-லும் 3-லும் மாற்றி மாற்றி வையுங்கள். எதில் மைனஸ் ஐந்துக்கு மேல் திடமாகக் காட்டுகிறதோ அதுதான் பேசுகிற பின். கம்ப்யூட்டரில் அது 3 ஆக இருக்கும். அதே சோதனையைத் தராசிலும் செய்யுங்கள். அங்கே 2 பேசினால் நேர் கேபிள். அங்கேயும் 3 பேசினால் குறுக்குக் கேபிள். முடிந்தது விஷயம்.

கேபிள் சரியா, போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிடச் சுலபம். ஒரு ஜெம் கிளிப் எடுத்து 2-ஐயும் 3-ஐயும் இணையுங்கள். பேசுகிற வாயைச் சொந்தக் காதிலேயே வைத்தாயிற்று. டெர்மினலில் நீங்கள் அடிக்கிற எழுத்து திரும்பி வந்து திரையில் விழும். கிளிப்பை எடுத்தால் விழக் கூடாது. விண்டோஸில் இதற்கென்று இருந்த ஹைப்பர்டெர்மினலை 2007-ல் விஸ்டா வந்தபோதே எடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிற 'புட்டி' போதும்.

அப்புறம் பேச்சின் வேகம். 9600, 8, பாரிட்டி இல்லை, 1 என்பது மிகப் பிரசித்தமான ஜாதகம். எழுத்து ஒன்றுக்கு முன்னும் பின்னும் ஒரு பிட் சேர்த்துப் பத்து பிட், ஆக விநாடிக்கு 960 எழுத்து. பழைய சிஎன்சி மெஷின்களில் ஏழு பிட், இரட்டைப்படை பாரிட்டி என்று வேறு ஜாதகமும் பார்க்கலாம். பொருத்தம் சரியில்லையென்றால் திரையில் கன்னாபின்னாவென்று பூச்சி பூச்சியாக வரும். பூச்சி வந்தால் சந்தோஷப்படுங்கள். ஒயர் சரி, வேகம்தான் தப்பு. ஒன்றுமே வராவிட்டால் முதலில் ஒயரைப் பாருங்கள். தப்பு நடக்கும்போதும் என்ன தப்பு என்று ஜாடை காட்டுகிற சாதனம் எத்தனை இருக்கிறது?

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதன் விதிமுறையில் இருக்கும் ஒரு ஷரத்து. எந்தப் பின்னை கிரவுண்டோடு சேர்த்தாலும், ப்ளஸ் மைனஸ் 25 வோல்ட்டுக்குள் எதோடு தவறாக இணைத்தாலும், பேசுகிற சர்க்யூட் எரிந்துபோகக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் தாங்க வேண்டும். அதாவது, பயன்படுத்துகிறவன் தப்பு பண்ணுவான், அவனை மன்னித்துவிடு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பெரிய மனசு. இந்த ஷரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

1996-ல் யுஎஸ்பி வந்தது. இன்டெலில் அதற்கு உழைத்த குழுவில் முக்கியமானவர் நம் குஜராத்துக்காரர் அஜய் பட். ஒரே வடிவம், ஒயரிலேயே மின்சாரம், ஓடும்போதே செருகலாம், பிடுங்கலாம். நியாயமாகப் பார்த்தால் பெரிய விடுதலை. 1998-ல் ஆப்பிள் தன் ஐமேக்கில் பழைய போர்ட்டுகளைக் கழற்றிவிட்டு யுஎஸ்பியை வைத்தது. மெல்ல மெல்ல லேப்டாப்புகளும் ஒன்பது பின்னைக் கைவிட்டன. மெஷின்கள் கைவிடவில்லை. நடுவில் ஒரு துபாஷி தேவைப்பட்டார். அவர்தான் அடாப்டர்.

துபாஷி என்று சும்மா சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் காலத்தில் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நடுவே இரண்டு பாஷை தெரிந்தவர் ஒருவர் நிற்பார். அவர் இல்லாமல் வியாபாரம் நடக்காது. அவருக்கென்று சொந்தக் கணக்கும் ஒன்று இருக்கும். அடாப்டருக்குள் ஒரு சிப் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்டிடிஐ, தைவானின் புரொலிஃபிக், அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ், சீனாவின் டபிள்யூசிஹெச்... பெரும்பாலும் இந்த நாலு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று. வெளியே எதுவும் எழுதியிருக்காது.

'எந்த சிப்பு போட்டிருக்கு?'

'எல்லாம் ஒண்ணுதான் சார். ஓடலைன்னா டிரைவரை மாத்திப் போடுங்க.'

எல்லாம் ஒன்றில்லை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், போர்ட்ஸ், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ். 'விஐடி' என்பதற்குப் பக்கத்தில் நாலு இலக்கம் தெரியும். 0403 என்றால் எஃப்டிடிஐ. 067பி என்றால் புரொலிஃபிக். 10சி4 என்றால் சிலிக்கான் லேப்ஸ். 1ஏ86 என்றால் டபிள்யூசிஹெச். இதுதான் கோத்திரம். ஆனால் சிப் தானே சொல்லிக்கொள்கிற கோத்திரம். போலி சிப்பும் இதையேதான் சொல்லும்.

இன்னோர் எச்சரிக்கை. ஒன்பது பின் வாய் இல்லாமல், சின்ன பச்சைப் பலகையில் நாலைந்து பின் நீட்டிக்கொண்டு சில அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கும். உள்ளே அதே சிப்தான். ஆனால் அவை 3.3 அல்லது 5 வோல்ட் பாஷைதான் பேசும். அதைத் தராசின் மைனஸ் பன்னிரண்டோடு நேராக இணைத்தால் போயே போய்விடும். நடுவே மேக்ஸ்232 மாதிரி ஒரு மாற்றி வேண்டும்.

*

இப்போது துபாஷியின் சொந்தக் கணக்கு.

2014 அக்டோபர். எஃப்டிடிஐயின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் மூலம் தானாகவே கம்ப்யூட்டர்களுக்கு வந்து இறங்கியது. அந்த கம்பெனியின் சிப்பைப் போலவே போலிகள் சந்தையில் நிறைய இருந்தன. டிரைவர் அடாப்டரைச் சோதித்தது. போலி என்று பட்டால், அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. எழுதியது கம்ப்யூட்டரில் இல்லை, சிப்பின் நினைவிலேயே. அப்புறம் அதை வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும், 'யார் நீ?' என்று கேட்கும். நேற்று வரை ஓடியது, இன்று காலை பிணம்.

கம்பெனி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. உழைத்துச் செய்த சிப்பை ஒருவன் காப்பியடித்து, என் பெயரையே குத்தி, என் டிரைவரையே ஓசியில் உபயோகித்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அடி யார் மேல் விழுந்தது? போலி செய்தவன் மேல் இல்லை. அவன் விற்றுவிட்டுப் போயாயிற்று. கடைக்காரருக்கே தெரியாது. டப்பாவைத் திறக்காமல் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? திருட்டுப் புடவையை நல்ல விலை கொடுத்து வாங்கிய அம்மாளின் புடவையை நடுத்தெருவில் கொளுத்துகிற நியாயம் இது. உலகம் பூராவும் கூச்சல் கிளம்பி, டிரைவரை வாபஸ் வாங்கினார்கள். கெட்டிக்காரர்கள் சிலர் எண்ணைத் திரும்ப எழுதி உயிர்ப்பித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தூக்கிப் போட்டார்கள்.

2016-ல் அடுத்த அவதாரம். இந்தத் தடவை கொலை இல்லை. போலி என்று தெரிந்தால், தகவல் போகிற ஒயரில் 'நான் ஜெனுவைன் டிவைஸ் ஃபவுண்ட்!' என்ற வாக்கியத்தை நுழைத்துவிடும். யோசித்துப் பாருங்கள். சீரியல் ஒயரில் போவது வெறும் எழுத்து. தராசின் எடை, மீட்டரின் அளவு, மெஷினுக்கான கட்டளை. அங்கே கிலோகிராம் வர வேண்டிய இடத்தில் ஒரு கம்பெனியின் புகார்க் கடிதம் வருகிறது. துபாஷி மொழிபெயர்க்கும்போது தன் சம்பளப் பாக்கியை நடுவில் சேர்த்துச் சொல்வது மாதிரி.

புரொலிஃபிக் வேறு ரகம். கொல்லவில்லை, கைகழுவியது. அதன் பழைய சிப் ஒன்றுக்கு விண்டோஸ் 8-லிருந்து புதிய டிரைவர் ஆதரவு கிடையாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. பிற்பாடு வந்த டிரைவரில், 'இந்த சிப் 2012-லிருந்து நிறுத்தப்பட்டது, விற்றவரைப் பாருங்கள்' என்ற பொருளில் ஒரு வரி. போலிக்கு மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்கிய அசல் சிப்புக்கும் அதே வரி. அதே ஒயரை லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகுங்கள். சமர்த்தாக ஓடும். விண்டோஸிலேயே பழைய டிரைவரைப் பட்டியலிலிருந்து கையால் தேர்ந்தெடுத்தால் பல சமயம் ஓடுகிறது. ஆகவே ஒயர் சாகவில்லை. செத்ததாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை ஒயர்கள் குப்பைக்குப் போயிருக்கும்!

விமர்சகனாக எனக்குப் படுவது இதுதான். 1960-ல் விதி எழுதியவர்கள், தப்பாகச் செருகுகிறவனை மன்னிக்கச் சொன்னார்கள். 2014-ல் டிரைவர் எழுதியவர்கள், தெரியாமல் வாங்கியவனைத் தண்டிக்கச் சொன்னார்கள். நடுவில் ஐம்பத்து நாலு வருஷத்தில் மாறியது தொழில்நுட்பம் மட்டுமில்லை. பொருள் யாருடையது என்ற எண்ணமே மாறிவிட்டது. ஒன்பது பின் ஓட்டை, வாங்கியவனுக்குச் சொந்தம். அடாப்டர், வாங்கின பிறகும் பாதி கம்பெனிக்குச் சொந்தம். எந்த அப்டேட்டில் மனசு மாறுமோ தெரியாது.

*

எல்லா அடாப்டரும் துபாஷி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மவுஸோடு வருமே, யுஎஸ்பியை பிஎஸ்/2 ஆக்குகிற பச்சைக் குமிழ், அதற்குள் சிப்பே கிடையாது. நாலு கம்பி மட்டும். அது வேலை செய்வது மவுஸுக்கே இரண்டு பாஷையும் தெரியும் என்பதால். அதே குமிழை வேறு மவுஸில் மாட்டினால் மௌனம்தான். குமிழ் மேல் தப்பில்லை. அதேபோல் யுஎஸ்பி டு பேரலல் கேபிளும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அச்சடிக்கும். ஆனால் பழைய சாஃப்ட்வேருக்குப் பூட்டாகப் பேரலல் போர்ட்டில் செருகுகிற டாங்கிள் அதில் பொதுவாக வேலை செய்யாது. வடிவம்தான் பேரலல் போர்ட், உள்ளே வெறும் பிரின்டர் தபால்காரர்.

வடிவத்தை நம்பாதே என்பது பழைய கதை என்று நினைத்தால், கையில் இருக்கும் யுஎஸ்பி-சி ஒயரைப் பாருங்கள். ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல் செல்ஃபோன் முதலான பல சாதனங்களுக்கு சார்ஜர் வாய் இதுதான் என்று சட்டமே வந்தாயிற்று. நல்ல காரியம். ஆனால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஒயரில் ஒன்று விநாடிக்கு 480 மெகாபிட், இன்னொன்று 40 கிகாபிட். ஒன்று டி.வி.யில் படம் காட்டும், இன்னொன்று சார்ஜ் மட்டும் ஏற்றும். வெளியே பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. சாதாரண மீட்டர் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்பது பின்னிலும் நல் மோடம் கேபிளிலும் பட்ட அவஸ்தையை வாய்க்கு வாய் திரும்ப வாங்கியிருக்கிறோம். ஜெம் கிளிப் வைத்தியம் மட்டும் இல்லை.

சினிமாவுக்குப் போடுவதுபோல் மார்க் போட வேண்டுமானால், சீரியல் போர்ட்டுக்கு 58. குழப்பத்துக்காக நிறையக் கழித்திருக்கிறேன். நேர்மைக்காகக் கூட்டியிருக்கிறேன். அடாப்டருக்கு 40. லினக்ஸில் ஓடினால் ஐந்து கூட. யுஎஸ்பி-சிக்கு மார்க்கை நிறுத்தி வைத்திருக்கிறேன். விடைத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

ஒரே ஒரு சிபாரிசு. ஓடுகிற கேபிள் எது என்று கண்டுபிடித்த அன்றே, அதன் கழுத்தில் பிளாஸ்டர் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவிடுங்கள்: 'தராசு, குறுக்கு, 9600-8-இல்லை-1, சிப் 0403.' பத்து வருஷம் கழித்து அதை எடுக்கிறவர் உங்களை வாழ்த்துவார். கம்பெனிகள் எழுதாமல் விட்டதை நாமாவது எழுதிவைக்கலாம்.